மறுபடி மறுபடி மடங்கும் கணுக்கால்: கைப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு

உங்கள் மகளுக்கு 17 வயது. பள்ளிக் கைப்பந்து அணியில் நடுவில் நின்று பிளாக் போடுகிறாள், அதாவது எதிரணி அடிக்கும் பந்தை நெட்டருகே குதித்துக் கையால் தடுக்கிறாள். இரண்டு வருடத்தில் நான்கு தடவை அதே வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. கோச் "காலில் பலம் இல்லை" என்கிறார். பாட்டி "பொம்பளப் பிள்ளைக்கு இந்தக் குதியாட்டம் எதுக்கு, விட்டுரு" என்கிறார். இனி மடங்காமல் இருக்க என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளையாட்டை விட வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல நல்ல பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போவதை 18 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கைப்பந்து, கபடி ஆடுகிறவர்கள். திரும்பத் திரும்ப மடங்கும் கணுக்கால் தலையெழுத்து இல்லை, பெரும்பாலும் பாதியில் நிறுத்தப்பட்ட சிகிச்சை. வீக்கம் வடிந்து வலி போனதும் "சரியாயிடுச்சு" என்று ஷூவை மாட்டிவிடுகிறோம். ஜவ்வு ஆறுவது ஒரு வேலை. அந்தக் கணுக்கால் மறுபடி விளையாடக் கற்றுக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதை அனேகமாக யாரும் செய்வதில்லை.

கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை எங்கள் பக்கம் கரண்டை என்போம். அதிலிருந்து முன்னால் ஒன்று, கீழே ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று ஜவ்வுகள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முன்னால் இருப்பதுதான் மூன்றிலும் நோஞ்சான். விரல்கள் கீழ்நோக்கி, உள்ளங்கால் உள்பக்கம் பார்த்தபடி பாதம் மடங்கும்போது முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுதான். குதித்து இறங்கும் கால் எப்படி இருக்கும்? விரல் கீழ்நோக்கித்தானே இருக்கும். அந்த நேரத்தில் பாதத்தின் வெளி விளிம்பு மட்டும் எதன்மீதாவது பட்டால் போதும், மீதியை உடம்பு எடையே செய்துவிடும்.

இதில் கோச் சொல்லும் "பலம்" எங்கே வருகிறது என்று பார்ப்போம். ஜவ்வு வெறும் கட்டுக்கயிறு மாதிரி தெரியும். ஆனால் அதற்குள்ளும், மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும், பக்கத்துத் தசைகளிலும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் சாய்கிறது என்று மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அவைதான். ஜவ்வு கிழியும்போது இந்த ஏற்பாடும் சேர்ந்து கெடுகிறது. இங்கிலாந்தில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1965-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள். சுளுக்கிய பிறகு "கால் நிற்க மாட்டேங்குது, நழுவுது" என்று வருகிறவர்களுக்கு, மூட்டு தளர்ந்திருப்பதைவிட மூட்டிலிருந்து போகும் உணர்வு குறைந்திருப்பதுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். ஆடும் பலகைமேல் நிற்கப் பழக்கியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்ததையும் காட்டினார்கள். அதற்கப்புறம் நிறைய ஆராய்ச்சி நடந்து, விஷயம் அவர்கள் நினைத்ததைவிடச் சிக்கலானது என்று தெரிந்திருக்கிறது. மூட்டு மட்டுமில்லை, மூளை அந்தக் காலைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. ஆனாலும் அவர்கள் காட்டிய வழி இன்றைக்கும் நிற்கிறது.

போன வருடம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், 100 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவான். இடது கணுக்கால் மூன்று தடவை மடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு சிமெண்ட் தரையில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். வலது காலில் சிலை மாதிரி நின்றான். இடது காலுக்கு மாறியதும் பாதத்தின் மேல் தசைநாண்கள் வீணைத் தந்தி மாதிரி துடித்தன, ஐந்து விரலும் தரையைப் பிராண்டின. "கண்ணை மூடு தம்பி" என்றேன். நான்காவது நொடியில் சுவரைப் பிடித்துவிட்டான். முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சி. "சார், எனக்குப் பலம் இருக்கே?" என்று கேட்டான். இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பலத்தை எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்று அவன் பாதத்துக்குத் தெரியவில்லை.

நிற்பதற்கு நமக்கு மூன்று துணைகள்: கண், உள்காது, பாதம் முதல் இடுப்பு வரையுள்ள மூட்டு உணர்வு. கணுக்காலின் பங்கு குறைந்தால் கண் அந்த வேலையையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் கண் திறந்திருக்கும்வரை குறை தெரிவதில்லை. கைப்பந்தில் உங்கள் மகளின் கண் எங்கே இருக்கும்? பந்திலும் எதிரே குதிப்பவளின் கையிலும். தரையைப் பார்க்க நேரமே கிடையாது. கண்ணை மூடி நிற்கும் சோதனை அவளுக்கு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

இன்னொரு விஷயம் எனக்கே புரிவதற்குச் சில வருடம் ஆனது. கணுக்கால் மடங்க ஆரம்பித்தால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சேதம் முடிந்துவிடலாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் தசைகள்தான் பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துக் காப்பாற்ற வேண்டியவை. சறுக்கு உணர்ந்து அவை விழித்துக்கொள்ளவே 60 முதல் 80 மில்லிநொடி ஆகும், முழு விசையைக் காட்ட இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அதாவது மடங்கத் தொடங்கிய பிறகு காப்பாற்றிக்கொள்ள நேரமில்லை. பாதம் தரையைத் தொடும் முன்பே அந்தத் தசைகள் இறுகித் தயாராக இருக்க வேண்டும். அடிபட்ட காலில் இந்த முன் தயாரிப்பும் குறைகிறது. எனவே பயிற்சி பலகைமேல் நிற்பதோடு முடியக்கூடாது, குதித்து இறங்குவதுவரை போக வேண்டும். ஆரம்ப காலத்தில் நான் பலகைமேல் இரண்டு நிமிடம் நிற்க வைத்து அனுப்பிவிடுவேன். பலகைமேல் அசையாமல் நின்ற பிள்ளைகள் அடுத்த மாதமே நெட்டுக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தப்பு என் பயிற்சியில்தான் இருந்தது.

சரி, நெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது? கைப்பந்தில் கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் அங்கேதான். விதிப்படி ஒருவர் பாதம் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகலாம், பாதத்தின் ஒரு பகுதி கோட்டின்மேல் அல்லது கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் போதும். ஸ்மாஷ் அடிக்க ஓடிவருகிறவள் முன்னோக்கிப் பாய்ந்து குதித்தால் அவள் ஷூவின் பாதி உங்கள் மகள் இறங்கப்போகும் இடத்தில் இருக்கும். பிளாக் போட்டவள் அதன்மேல் இறங்குவாள். நார்வேயில் ரோவால்ட் பார் என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதையே வைத்து வேலை செய்தார்கள். குதிக்கும் முறையையும் இறங்கும் முறையையும் சொல்லிக்கொடுத்து, ஏற்கெனவே மடங்கியவர்களுக்குப் பலகைப் பயிற்சியும் கொடுத்தபோது கணுக்கால் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1997-ல் வந்த ஆராய்ச்சி அது. 2004-ல் நெதர்லாந்தில் கைப்பந்து அணிகளிலேயே செய்த பெரிய ஆராய்ச்சி இன்னும் தெளிவாகச் சொன்னது: பலகைப் பயிற்சியின் பலன், முன்பே கணுக்கால் மடங்கியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. உங்கள் மகள் சரியாக அந்த வரிசையில் இருக்கிறாள். ஆனால் அதே ஆராய்ச்சியில் முன்பே முழங்கால் தொல்லை இருந்தவர்களுக்கு முழங்கால் வலி கூடியதும் தெரிந்தது. அவளுக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் குதிக்கும் பயிற்சிகளை மெதுவாகக் கூட்ட வேண்டும்.

பயிற்சிக்கு முன் வீட்டிலேயே நான்கு அளவு எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு காலுக்கும் எடுக்க வேண்டும். நல்ல கால்தான் அவளுடைய அளவுகோல்.

முதலில் வெறுங்காலில், கை இடுப்பில், ஒற்றைக் காலில் 30 நொடி. பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு. மற்ற கால் தரையைத் தொட்டாலோ, கை இடுப்பை விட்டு வந்தாலோ நேரத்தை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், விழுந்துவிடக்கூடாது.

இரண்டாவது, சுவர் அளவு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசித் தூரத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். பலருக்குப் பத்து சென்டிமீட்டரை ஒட்டி வரும். வலதுக்கும் இடதுக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அந்தக் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. சுளுக்கிய கால் தளர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறோம். பக்கவாட்டில் தளர்வு இருக்கலாம், ஆனால் முன்பக்கம் வளைவது பெரும்பாலும் குறைந்திருக்கும். முன்னால் வளையாத கணுக்கால் இறங்கும்போது விரல் நுனியிலேயே அதிக நேரம் நிற்கிறது. சுளுக்குவதற்கு வசதியான நிலை அதுதான்.

மூன்றாவது, எட்டும் அளவு. தரையில் செல்லோடேப்பால் கவட்டை மாதிரி மூன்று கோடு ஒட்டுங்கள்: ஒன்று நேர் முன்னால், மற்ற இரண்டும் பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாக. மூன்றும் சேரும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு தூரம் லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நிற்கும் காலின் குதிகால் எழக்கூடாது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 235 பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை இப்படி அளந்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. முன்கோட்டில் இரண்டு காலுக்கும் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் கால் காயம் வர இரண்டரை மடங்கு வாய்ப்பு இருந்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். பயிற்சியில் முன்னேற்றம் தெரிவதற்கு இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

நான்காவது சுலபம்: ஒற்றைக் காலில் குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குவது, எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுங்கள். அவள் வயதில் விளையாடுகிற பெண்ணுக்கு 20, 25 வர வேண்டும்.

இனி பயிற்சி. எட்டு வாரம் வைத்துக்கொள்வோம். இப்போது வீக்கமோ நடக்கும்போது வலியோ இல்லை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் நிற்பதும் பலமும். காலை பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கட்டும், ஒரு நிமிடம் வலது, ஒரு நிமிடம் இடது. வெறுங்காலில்தான். அந்த நேரத்தில் பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால் மூன்றும் தரையில் சமமாகப் பதிந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். விரல்கள் தரையைப் பிராண்டக்கூடாது. விரலை மடக்காமல் பெருவிரல் மேட்டைக் குதிகாலை நோக்கி லேசாக இழுத்தால் உள்ளங்கால் வளைவு கொஞ்சம் எழும். அப்படியே ஐந்து நொடி, பத்து தடவை. முதல் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் பிடிபடும். வெளிப்பக்கத் தசைகளுக்கு ரப்பர் பேண்டு வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக் கட்டில் காலில் கட்டினால் போதும். பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி, திரும்பி வரும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாக விடவேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. அந்தத் திரும்பி வரும் பகுதிதான் முக்கியம். மடங்குகிற காலை அந்தத் தசை தடுக்கும்போது அது நீண்டுகொண்டேதான் இழுக்கிறது. மாடிப்படி விளிம்பில் குதிகால் உயர்த்தி இறக்குவது ஒருநாள் விட்டு ஒருநாள். சுவர் அளவு குறைவாக இருந்தால் அதே சுவர் நிலையையே பயிற்சியாகத் தினமும் 20 தடவை செய்யட்டும்.

மூன்றாவது, நான்காவது வாரம் அந்த நிற்றலைக் கெடுக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்றபடி நீங்கள் எறியும் பந்தை அவள் பிடித்துத் திருப்பி எறியட்டும். நேராக எறியாதீர்கள், தலைக்கு மேலே, பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் என்று மாற்றி மாற்றி எறியுங்கள். கண்ணை மூடி நிற்பது, தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நிற்பது, மடித்த போர்வையின் மேல் நிற்பது என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கண்ணை மூடுவதையும் போர்வையையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். சாய்பலகை வேண்டுமானால் தச்சரிடம் சொல்லுங்கள்: ஒன்றரை அடிப் பலகை, அடியில் நடுவாக நீளவாக்கில் ஓர் உருண்டைக் கட்டை. கட்டை பாதத்தின் நீளத்தோடு போனால் பலகை பக்கவாட்டில் சாயும், நமக்கு வேண்டியது அந்தச் சாய்வு. பலகை இல்லாவிட்டால் பயிற்சியை ஒத்திப்போட வேண்டாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பள்ளிகளில் 765 கால்பந்து, கூடைப்பந்து பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட சமநிலைப் பயிற்சி கொடுத்ததில் கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. அவர்களும் தரையில் நிற்பதில்தான் தொடங்கினார்கள், பலகை பிறகுதான் வந்தது.

இடுப்பையும் மறக்க வேண்டாம். ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். முழங்கால் உள்பக்கம் சரிந்து, எதிர் இடுப்பு இறங்கினால் இடுப்பின் பக்கத் தசை சோம்பிக் கிடக்கிறது. பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, ரப்பர் பேண்டைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது இரண்டும் போதும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து குதிப்பது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். இரண்டு காலில் சின்னதாகக் குதித்து இறங்கி மூன்று நொடி அப்படியே உறைந்து நிற்கட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். 'தொப்'பென்று பாதம் முழுவதும் ஒரே அடியாக விழுந்தால் தவறு. பூனை மதில்மேலிருந்து இறங்குகிற மாதிரி, பாதத்தின் முன்மேடு பட்டு, குதிகால் பதிந்து, முழங்காலும் இடுப்பும் மடங்கி, சத்தம் கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரே குறிப்பு இதுதான்: "இறங்கும்போது பெருவிரல் மேடு தரையைத் தேடட்டும்." பெருவிரல் மேடு தரையைத் தேடினால் பாதம் தானாக வெளிப்பக்கம் லேசாகத் திரும்பிக்கொள்ளும், வெளிப்பக்கத் தசை தரையைத் தொடும் முன்பே விழித்துக்கொள்ளும். தசையின் பெயரைச் சொல்லி "இதை இறுக்கு" என்றால் ஒரு பிள்ளைக்கும் வராது. இது வரும்.

இரண்டு கால் இறக்கம் சத்தமில்லாமல் வந்த பிறகு ஒற்றைக் கால். முன்னால் குதி, நில். பக்கவாட்டில் குதி, நில். கால்வாசி திரும்பிக் குதி, நில். தரையில் டேப்பால் சின்னச் சதுரம் போட்டு உள்ளே வெளியே என்று நான்கு பக்கமும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு இறக்கம், மொத்தம் 40-ஐத் தாண்ட வேண்டாம். அடுத்த நாள் காலை கணுக்கால் வீங்கியிருந்தால் முந்தைய கட்டத்துக்கு இரண்டு நாள் திரும்புங்கள். வலி லேசாக வந்து இரவுக்குள் போய்விட்டால் பரவாயில்லை.

ஏழாவது, எட்டாவது வாரம் நெட்டுக்குப் போகலாம். பிளாக் குதித்து உச்சியில் இருக்கும்போது தோழி தோளில் லேசாகத் தட்டட்டும், அப்படித் தட்டுப்பட்டும் இரண்டு காலில் சமமாக இறங்க வேண்டும். பிளாக் போட்டுவிட்டு ஒற்றைக் காலில், அதுவும் திரும்பிக்கொண்டே இறங்குவது நடு பிளாக்கர்களுக்கு ஒரு பழக்கம், அடுத்த பந்துக்கு ஓடும் அவசரம். அந்த அரை நொடியை மிச்சம் பிடித்ததில் எத்தனை சீசன் போயிருக்கிறது! அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து பிளாக் போடும்போது நகரும் வேகத்தைக் கடைசி அடியில் நிறுத்தி, நேர் மேலே குதிக்கப் பழக வேண்டும். காற்றிலும் பக்கவாட்டில் மிதந்துகொண்டே போனால் பக்கத்துத் தோழியின் காலில் இறங்குவாள்.

கோச்சிடம் மரியாதையாக இரண்டு விஷயம் பேசுங்கள். ஸ்மாஷ் அடிப்பவர்கள் கடைசி அடியை வைத்து மேலே எழும்ப வேண்டும், நெட்டை நோக்கிப் பாயக்கூடாது. அதற்கு, அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரும் பந்தை நெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். நெட்டோடு ஒட்டிப் போட்ட பந்துக்கு இரண்டு பக்கமும் குதிப்பார்கள், நான்கு பாதமும் ஒரே இடத்தில் இறங்கும். இது உங்கள் மகள் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை, அணி முழுவதும் பழக வேண்டும். மைதானத்தையும் ஒரு நாள் நடந்து பாருங்கள். மண் தரையில் பிளாக்கர் குதித்துக் குதித்து நெட்டுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கும். நடுக்கோட்டுக்கு ஆணி அடித்த நைலான் பட்டை தளர்ந்து கிடக்கும். இரண்டு சட்டி மண் போட்டு நிரப்புவதற்கும், நான்கு ஆணி அடிப்பதற்கும் அரை மணி நேரம் ஆகுமா?

எத்தனை நேரம் என்று கேட்பீர்கள். 15 நிமிடம், வாரம் நான்கு ஐந்து நாள், பயிற்சிக்கு முன் களைப்பில்லாத நேரத்தில். எட்டு வாரம் முடிந்ததும் விட்டுவிடக்கூடாது, வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் சீசன் முழுவதும் தொடர வேண்டும். நெதர்லாந்தில் 522 பேரிடம் செய்த இன்னொரு ஆராய்ச்சியில், சுளுக்கியவர்கள் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தபோது, ஒரு வருடத்துக்குள் மறுபடி மடங்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்தது. 2009-ல் வந்தது. கவனித்துப் பாருங்கள்: குறைந்தது என்றுதான் சொல்கிறேன், இல்லாமல் போனது என்று சொல்லவில்லை.

அதனால்தான் கணுக்கால் பட்டையை (ஆங்கிள் பிரேஸ்) பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "பட்டை போட்டால் கால் பலவீனமாகிவிடும்" என்று மைதானத்தில் சொல்வார்கள். விளையாடும் நேரத்தில் மட்டும் போடுவதால் அப்படி ஆவதில்லை. கயிறு கட்டும் வகைப் பட்டை, முன்பே மடங்கிய கணுக்காலை நன்றாகவே காப்பாற்றுகிறது. 2014-ல் 384 பேரை வைத்து நெதர்லாந்தில் பட்டையையும் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, மறுசுளுக்கைத் தடுப்பதில் பட்டைதான் முந்தியது. பயிற்சியை வலியுறுத்துகிற எனக்கு அதைப் படித்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை அதுதான். பட்டை தடுக்கும், ஆனால் தடுமாறும் காலுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்காது. என் முடிவு: நான்கு தடவை மடங்கிய பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். மேட்சிலும் முழுப் பயிற்சியிலும் ஒரு வருடம் பட்டை, வீட்டுப் பயிற்சி வெறுங்காலில். வெள்ளை டேப் சுற்றுவது முதல் செட்டுக்கு நன்றாக இருக்கும், வேர்த்து ஓடியாடியபின் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும். தினமும் சரியாகச் சுற்றிவிட ஆளும் வேண்டும், காசும் வேண்டும். பட்டை வாங்குவதே லாபம்.

திரும்பவும் மடங்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தொல்லை அந்த முதல் நாளில்தான் தொடங்குகிறது. எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுப்பது வேண்டாம். கிழிந்த ஜவ்வை முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். கிரேப் பேண்டேஜால் விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். மூன்று வாரம் அசைக்காமல் கட்டிவைப்பதும் வேண்டாம், வலி விடுகிற அளவுக்கு ஓரிரு நாளிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்க வேண்டும்.

எக்ஸ்ரே தேவையா என்பதற்கு கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். உள் கரண்டையோ வெளிக் கரண்டையோ, பின்விளிம்பில் கடைசி ஆறு சென்டிமீட்டருக்குள் அல்லது நுனியில், எலும்பின்மேல் அழுத்தினால் வலித்தாலும் வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலும், உள்வளைவின் மேலுள்ள எலும்பிலும் அதே மாதிரி அழுத்திப் பார்ப்பார்கள். வலி கரண்டைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருந்தால் அது வேறு வகைச் சுளுக்கு. ஆற அதிக நாள் பிடிக்கும், நான் மேலே சொன்ன கால அட்டவணை அதற்குப் பொருந்தாது.

உங்கள் மகளுக்கு எட்டு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் சமதரையில் நடக்கும்போதே கால் நழுவினாலோ, மூட்டுக்குள் ஆழமாக வலித்தாலோ, ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அடிக்கடி மடங்கியதில் மூட்டுக்குள்ளே குருத்தெலும்பு பெயர்ந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஜவ்வு முழுதும் தளர்ந்திருந்து, பயிற்சிக்கும் பட்டைக்கும் கட்டுப்படாதவர்களுக்கு ஜவ்வை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஸ்வீடன் மருத்துவர் ப்ரோஸ்ட்ரோம் 1960-களில் தொடங்கிவைத்த முறை, இன்றும் அதன் திருத்திய வடிவத்தைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் இதே பயிற்சிகளை முதலிலிருந்து செய்யத்தான் வேண்டும்.

மேட்சுக்கு எப்போது அனுப்பலாம் என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றைக் காலில் முன்னால் குதிக்கும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும். முன்கோட்டு வித்தியாசம் நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எட்டுப் போட்ட மாதிரி வளைந்து முழு வேகத்தில் ஓடும்போது அவள் காலைப் பற்றி யோசிக்கக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அளக்க முடியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும். "பயமா இருக்காம்மா?" என்று கேளுங்கள். "கொஞ்சம்" என்றால் இன்னும் ஒரு வாரம் நெட்டில் தட்டி இறங்கும் பயிற்சி செய்யட்டும். பயந்து இறங்குகிற கால் விறைத்துப்போய் இறங்கும்.

நோட்டில் இன்றைய தேதி போட்டு நான்கு அளவையும் எழுதிவையுங்கள். நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் அதே தரையில், அதே டேப் கோட்டில், வெறுங்காலில் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். எட்டாவது வார எண்களோடு திரும்ப எழுதினீர்கள் என்றால் அடுத்து எதைக் கூட்டலாம், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பாட்டியிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.